திறந்திருக்கிறது என்றார் சுகுமாரன்

தமிழ் தெரிந்த ஆளாகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்றுதான் என்னை மலாக்காவுக்கு அனுப்பினார்கள். "அங்கே ஆபீஸ் கிளார்க்கும் தமிழ், கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளும் தமிழ். மொழிப் பிரச்சினையே இருக்காது, நிம்மதியாகப் போய்விட்டு வா" என்று சென்னையில் எங்கள் முதலாளி தோளில் தட்டினார். அந்த வாரம் முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது மொழிதான் என்பதை அவரிடம் இன்றுவரை நான் முழுதாகச் சொல்லவில்லை.

என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசி. டெலிபோனைக் கம்ப்யூட்டர் லைனிலேயே ஓட்டலாம் என்ற வித்தை அப்போதுதான் வந்திருந்தது. நாங்கள் விற்ற போனை லைனில் செருகினால் போதும். அது தானாகவே தலைமை அலுவலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, "நான் யார், என் நம்பர் என்ன?" என்று கேட்கும். அந்தக் கம்ப்யூட்டர் விவரங்களை அனுப்பி வைக்கும். போன் அவற்றை வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். யாரும் ஒரு பட்டனையும் தொட வேண்டாம் என்று விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். மலாக்கா டவுனில், தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குள் வைத்த போன்களெல்லாம் சொன்னபடி கேட்டன. செலண்டார் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் வைத்த போன் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை மேனேஜர் லியோங்கைப் பார்த்தேன். சிரித்த முகம். எனக்கு ஒரு கோப்பை காப்பி வரவழைத்து, அதில் கட்டிப்பாலை அவரே கலக்கிக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானம் செலண்டார் ஆபீஸ் இந்த போனில் என்னோடு பேச வேண்டும். பேசவில்லையென்றால் அந்த ஆபீஸை மூடி, வேலையை இங்கே கொண்டு வந்துவிடுவேன். மெர்லிமாவ் ஆபீஸை அப்படித்தான் மூடினோம்."

"அங்கே வேலை செய்கிறவர்கள்?" என்றேன்.

"ஒரே ஒரு கிளார்க். அவர் இருக்கும் வீடு ஆபீசோடு சேர்ந்தது, அதையும் எடுத்துக்கொள்வோம்." காப்பியில் இனிப்பு சரியாக இருக்கிறதா என்று அடுத்து கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த அறையில் சுகுமாரன். என் வயதுதான் இருக்கும், நல்ல சதைப்பிடிப்பு, கலகலப்பு. மேசையில் ஒரு பக்கம் கீபோர்டு, மறுபக்கம் வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும். கோலா சுங்கை பாருவில் மாமனார் வீடு இருக்கிறது, கடலிலிருந்து நேராகச் சட்டிக்கு வருகிற மீன், ஒருநாள் வந்தே ஆக வேண்டும் என்று ஐந்தே நிமிடத்தில் அழைத்துவிட்டார். ஃபயர்வால் அவர் பொறுப்பு. வெளியிலிருந்து வருகிறதையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, தெரிந்த ஆளை மட்டும் உள்ளே விடுகிற காவல் பெட்டி அது. செலண்டார் போன் விவரம் கேட்டு வருவதும் அந்த வழியாகத்தான். வெளியாட்கள் அதைத் தொடக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதனால் வாயால்தான் கேட்டேன்.

"சுகுமாரன், ஃபயர்வால் திறந்திருக்கா?"

"தொறந்துதாண்ணே இருக்கு. எப்பவுமே தொறந்துதான் வெச்சிருப்பேன். அடைக்கவே மாட்டேன்லா!"

பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை செலண்டாருக்குப் பஸ் ஏறினேன். ஜன்னல் ஒன்று பாதியில் மாட்டிக்கொண்டு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்றது. ஜாசின் தாண்டியதும் மழை. அந்த ஜன்னல் எனக்குத்தான் வாய்த்திருந்தது. முன்சீட்டு மலாய் அம்மாள் திரும்பிப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் தன் குடையை விரித்து ஜன்னலுக்குக் குறுக்கே செருகிவிட்டு மறுபடி தூங்கப் போனார். நம் ஊரில் இதற்குள் கண்டக்டர், டிரைவர், அரசாங்கம் எல்லோருக்கும் அர்ச்சனை நடந்திருக்கும். இங்கே ஒரு குடையோடு முடிந்தது.

பஸ் நிற்கிற இடத்தில் அந்தக் கிளார்க் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். பிலோமினா. நாற்பத்தைந்து வயதிருக்கும். தோட்டத்தில் கிளார்க்கைக் கிராணி என்கிறார்கள். எல்லோருக்கும் அவர் கிராணியம்மா. ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி, ஜிப் முதுகுப் பக்கம் இருந்தது. அவசரத்தில் கிளம்பினார் போல என்று நாசூக்காகச் சுட்டிக்காட்டினேன்.

"காத்து நெஞ்சில அடிக்குதுல்ல தம்பி, அதான் இப்படிப் போடறது. இங்க எல்லாரும் இப்படித்தான். ஏறுங்க."

சென்னையில் நான் எந்தப் பெண்மணியின் பின்னாலும் வண்டியில் உட்கார்ந்ததில்லை. சீட்டின் கடைசி விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "கூச்சப்படாம நல்லா புடிச்சுக்குங்க. விழுந்தீங்கன்னா ரிப்போர்ட் எழுதறது நான்தான்." செம்மண் பாதையில் செம்பனைகளுக்கு நடுவே அவர் போன வேகத்தில் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆபீஸ் என்பது இரண்டு பலகை அறைகளும் தகரக்கூரையும். சுவரில் மாதா படம். பின்பக்கக் கதவைத் திறந்தால் அவருடைய வீடு. கணவருக்கு ஜொகூரில் தொழிற்சாலை வேலை, மாதம் ஒரு தடவை வருவார். பெண்கள் இருவரும் செலண்டாரில் படிக்கிறார்கள். பெரியவளுக்கு வருடக் கடைசியில் அரசாங்கத் தேர்வு.

"மேனேஜர் சொன்னது உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும் தம்பி. மெர்லிமாவ்ல இருந்த கிராணி சரோஜா இப்ப அது அண்ணன் வீட்டு ஹால்ல படுத்திருக்கு, புள்ளைங்களோட. எனக்கு அப்படி அண்ணனும் இல்ல." அழவில்லை, பெருமூச்சும் விடவில்லை. பழைய டெலிபோனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சனிக்கிழமதானே? இன்னும் நாள் இருக்கு. என்ன செய்யணும், சொல்லுங்க. நான் புடிக்கறேன்."

அவர் சொன்ன விதத்தில் எனக்கும் ஒரு வீம்பு ஏறிவிட்டது. இந்தப் போனைப் பேச வைக்காமல் இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

போனைச் செருகினேன். சின்னத் திரையில் 'கேட்கிறேன்' என்று ஆங்கிலத்தில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'பதில் இல்லை'. பிறகு அணைந்து மறுபடி 'கேட்கிறேன்'. வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், சுவரில் எலி கடித்த இடமெல்லாம் தேடினேன். அக்கா ஒரு கையில் டார்ச், மறு கையில் வயர் என்று கூடவே தவழ்ந்தார். பிறகு பழைய டெலிபோனில், கரகரவென்ற இரைச்சலுக்கு மேல் கத்தினேன்: "சுகுமாரன், ஃபயர்வால் திறந்திருக்குல்ல?"

"தொறந்திருக்குண்ணே! பச்ச லைட்டு எரியுது!"

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. கங்கோங் கீரைப் பிரட்டல், நெத்திலி சம்பல், மிளகு தூக்கலான ரசம். சம்பலின் காரம் உச்சந்தலைக்கு ஏறியது. ரசம் மட்டும் எங்கள் வீட்டு ரசம் போலவே இருந்ததில் கொஞ்சம் கலங்கிவிட்டேன். காரத்தால்தான் என்று அக்காவிடம் சொன்னேன்.

போனே கோளாறோ என்ற சந்தேகத்தில் புதன்கிழமை மெர்லிமாவுக்குப் போனேன். மூடிய ஆபீசில் பிரிக்காத போன் ஒன்று பெட்டியோடு கிடக்கிறது என்று லியோங் சாவி கொடுத்திருந்தார். பாதி வழியில் டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி இறங்கிப் போனார். டயர்தான் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு டுரியான் கடை முன்னால் குந்திப் பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பயணிகள் அத்தனை பேரும் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் குந்தினார்கள். பழத்தைப் பஸ்ஸில் ஏற்றக் கூடாதாம், நாற்றம் போகாதாம். அதனால் அங்கேயே தின்று தீர்க்க வேண்டும். அவசரமாகப் போக வேண்டும் என்று டிரைவரிடம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் பாவப்பட்டு எனக்கு ஒரு சுளையைக் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். இரண்டாவது சுளையை நானே கேட்டு வாங்கினேன்.

மெர்லிமாவ் கடைத்தெருவில் மனிதர்களைவிட மோட்டார் சைக்கிள்கள் அதிகம். மூடிய ஆபீஸ் ஊருக்கு வெளியே. புல் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டிருக்கலாம். கிராணி வீட்டையும் ஒரு நடை போய்ப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் புகைக்கரி. கொடிக்கயிற்றில் நாலைந்து கிளிப்புகள் இன்னும் கவ்விக்கொண்டிருந்தன. இந்த வீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை, பூட்டித்தான் போட்டிருக்கிறது. எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

செலண்டாரில் செருகியதும் புது போனும் 'கேட்கிறேன்' என்றது, 'பதில் இல்லை' என்றது. போன் மேல் குற்றமில்லை.

வியாழக்கிழமை முழுக்க இடியும் மழையும். லைனைச் சோதித்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் டவுனுக்குப் போகிறது, வருகிறது. லைன் மேலும் குற்றமில்லை. சென்னைக்குப் பேசினேன்.

"ஃபயர்வாலைப் பார்த்தாயா?" என்றார் முதலாளி.

"திறந்திருக்கிறதாம் சார். தினமும் கேட்கிறேன்."

"அப்படியானால் நம் சரக்கில்தான் ஏதோ இருக்கிறது. போனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்."

"சனிக்கிழமை வரை இருக்கிறேன் சார்" என்று சொல்லி, அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன். முதலாளியிடம் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அக்கா கேட்காத மாதிரி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் எனக்கு மட்டும் தட்டில் ஒரு பொரித்த மீன் அதிகமாக விழுந்தது.

வெள்ளிக்கிழமை வெயில் கொளுத்தியது. தகரக்கூரைக்குக் கீழே இரண்டு பேரும் வெந்துகொண்டிருந்தோம். அக்கா இரண்டு கையிலும் செம்பனைக் குலைகளின் எடைச்சீட்டுகளை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தம்பி, அந்த ஃபேனக் கொஞ்சம் தொறங்க."

சுவரில் ஒரு பழைய ஃபேன். கூண்டில் தூசி அப்பிக் கிடந்தது. சுத்தம் செய்யச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நாற்காலியில் ஏறி, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிக் கூண்டைத் தனியே எடுத்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் சீட்டுகளைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"அடக் கர்த்தரே, என்ன செய்யறீங்க?"

"திறக்கச் சொன்னீங்களே அக்கா."

"ஃபேனத் தொறங்கன்னா சுவிட்சத் தட்டுங்கன்னு அர்த்தம்! காத்து வேணும்னா தொறக்கணும், போதும்னா அடைக்கணும். லைட்டும் அப்படித்தானே, டிவியும் அப்படித்தானே. உங்க ஊருல எப்படிச் சொல்வீங்க?"

"ஃபேனைப் போடுங்க, நிறுத்துங்கன்னு சொல்வோம்."

"போடறதா? எங்க போடறது, கீழயா?" என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தார்.

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். கூண்டு கையில், ஸ்க்ரூடிரைவர் வாயருகே, அப்படியே நின்றுவிட்டேன். திறந்திருக்கிறது. எப்பவுமே திறந்துதான் வைத்திருப்பேன். அடைக்கவே மாட்டேன். பச்சை லைட்டு எரிகிறது. நாற்காலியிலிருந்து குதித்த வேகத்தில் முட்டி மேசையில் இடித்தது. பழைய டெலிபோனை எடுத்துச் சுழற்றினேன்.

"சுகுமாரன், ஃபயர்வால் தொறந்திருக்குன்னா என்ன அர்த்தம்?"

"ஆன்ல இருக்குன்னு அர்த்தம்ணே. வேற என்ன?"

"நான் தினமும் கேட்டது…"

"ஆன்ல இருக்கான்னு கேட்டீங்க. இருக்குன்னு சொன்னேன். நானே யோசிச்சேன்ணே, ஏன் இவரு காலையில எந்திரிச்சா இதையே கேக்கறாருன்னு. அத அடைச்சா மேனேஜர் என்னத் தோலுரிச்சிருவாருலா."

"ஐயா, செலண்டார் போனை உள்ளே விடும்படி வழி வைத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டேன்!"

"வழியா? மெயிலத் தவிர எதுக்கும் விடலயேண்ணே. யாரும் கேக்கலயே."

எனக்குத் தலையிலடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். ஒரு தமிழனும் இன்னொரு தமிழனும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு திங்கள் முதல் வெள்ளி வரை எதிரெதிர் திசையில் நடந்திருக்கிறோம். எனக்குத் 'திறப்பது' வழி விடுவது. அவருக்கு இயக்கி வைப்பது. நான் வாசல் திறந்திருக்கிறது என்று நம்பினேன். அவர் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். தமிழ் தெரிந்த ஆளாகப் பார்த்தல்லவா அனுப்பினார்கள்!

போன் விவரம் கேட்டு வந்து தட்டும் கதவுக்கு அறுபத்தொன்பது என்று எண். அந்தக் கதவில் செலண்டாருக்கு வழி விடச் சொன்னேன். சுகுமாரன் லியோங்கிடம் அனுமதி வாங்கி வழி வைக்கும்போது ஆபீஸ் நேரம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து போனைச் செருகினேன். 'கேட்கிறேன்.' அடுத்து, முதல் தடவையாக, 'வாங்குகிறேன்.' அக்கா சிலுவைக்குறி போட்டார். திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது, கடுகளவு நகர்ந்து, நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தும் அசையவில்லை. பிறகு அணைந்து முதலிலிருந்து ஆரம்பித்தது.

"நின்னுருச்சே தம்பி" என்றார் அக்கா. அந்த வாரத்தில் அவர் குரல் தழைந்தது அப்போதுதான்.

"கொஞ்சம் வந்ததில்லையா? மிச்சமும் வரும்" என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்தேன். முதல் துண்டு வருகிறது, இரண்டாவது வரவில்லை. ஏன்? நம் ரேஷன் கடையை நினைத்துக்கொண்டேன். ஒரு ஜன்னலில் பில் போடுவார்கள், சர்க்கரை கொடுப்பது அடுத்த ஜன்னலில். இந்தக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அறுபத்தொன்பதில் கேள்வியைக் கேட்டுக்கொண்டு, விவரத்தை வேறொரு கதவு வழியாகக் கொடுக்கிறது. முதல் துண்டை வாங்கிய போன், "வந்துவிட்டது, அடுத்தது கொடு" என்று அந்த வேறு கதவில் போய்ச் சொல்லும். அங்கேதான் ஃபயர்வால், யாரடா நீ என்று கழுத்தைப் பிடிக்கிறது.

இந்தத் தடவை திற, அடை என்ற வார்த்தைகளையே நான் வாயில் எடுக்கவில்லை. "சுகுமாரன், செலண்டார் போனிலிருந்து அந்த ஒரே கம்ப்யூட்டருக்கு வருவது எந்தக் கதவில் வந்தாலும் உள்ளே விட வேண்டும். மற்ற யாரையும் விட வேண்டாம். புரிந்ததை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்."

திருப்பிச் சொன்னார், சரியாகவே. பிறகு தயங்கினார். "எல்லாக் கதவுமாண்ணே? ஏதாச்சும் ஆச்சுன்னா என் வேலை போயிரும்."

அவர் பயம் நியாயமானது. நான் அவசரப்படுத்தவில்லை. ரிசீவர் என் கையிலிருந்து போய்விட்டது. அக்கா பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

"சுகு, நான் கிராணி பிலோமினா பேசறேன். நீ விடறது வேற யாரையும் இல்லடா, என்னத்தான்."

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டும் சத்தம். "வெச்சிட்டேன்க்கா. பாருங்க."

'கேட்கிறேன்.' 'வாங்குகிறேன்.' கோடு கடுகளவு நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது, பாதியைத் தாண்டியது, கடைசிவரை ஓடி நிறைந்தது. போன் ஒருமுறை அணைந்து எழுந்தது. திரையில் ஆங்கிலத்தில் செலண்டார் என்று வந்தது, கீழே அதன் நம்பர். யாரும் ஒரு பட்டனையும் தொடவில்லை என்பது உண்மைதான்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு அது மணியடித்தது. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார். லியோங்கின் குரல் எனக்கே கேட்டது. "யார் பேசுவது?"

"செலண்டார் கிராணி பிலோமினா, சார்" என்றார் ஆங்கிலத்தில்.

"பக்கத்து அறையிலிருந்து பேசுவது மாதிரி இருக்கிறது." "சரி. திங்கட்கிழமை எடைக்கணக்கை வழக்கம்போல அனுப்பிவிடுங்கள்."

வழக்கம்போல என்றார். அக்கா ரிசீவரை மெதுவாக வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது. அவரைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"இதுல வெளிய கூப்பிட முடியுமா தம்பி?"

"ஒன்பதை அழுத்திவிட்டு நம்பரைப் போடுங்கள் அக்கா."

ஜொகூருக்குக் கணவரைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்து எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். நம்பர் மனப்பாடமாக இருந்தது.

"மணியண்ணனா? நான்தாண்ணே, செலண்டார் பிலோமினா… ஆமாண்ணே, நாளைக்குக் காலையிலன்னு சொல்லியிருந்தேன்ல, சாமான் ஏத்த லோரி. அது வேணாம்ணே… இல்ல, அடுத்த வாரத்துக்கு மாத்தல. வேணவே வேணாம். நாங்க வீட்டக் காலி பண்ணலண்ணே."